ஓர் ஏச்சுக்காக ஸ்தோத்திரம்

என் கணவர் எனக்கு ஏசினார். அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லவே இந்தச் சாட்சியை எழுதுகிறேன். வாசிக்கிற சகோதரிகள் சிரிக்க வேண்டாம். சிரித்தாலும் பரவாயில்லை, நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அந்த ஏச்சுக்கு முன்பு எங்கள் வீடு எப்படிக் கிடந்தது என்று தெரிந்தால் நீங்களும் என்னோடு ஸ்தோத்திரம் சொல்வீர்கள்.

நாங்கள் செட்டிபாளையத்தில் வாவிப் பக்கமாகக் குடியிருக்கிறோம். என் கணவர் தேவராசா உழவு இயந்திரம் திருத்துகிறவர். விதைப்புக் காலம் வந்தால் கரடியனாறு வரை போய், வயல் வட்டைக்குள் சேற்றில் நின்றே வேலை பார்ப்பார். எடுத்தவுடன் எஞ்சினைத் திறக்க மாட்டார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "டைமிங் பிழை" என்று சொன்னாரென்றால் பிறகு யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே காதோடு வந்து எங்கள் அங்கிலிக்கன் ஆலயப் பாடகர் குழுவில் பேஸ் என்கிற அடிக்குரல் பாடுவார். நான் பெண்களில் கீழ்க்குரலான ஆல்ட்டோ. எங்கள் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டதே பாடகர்கள் உட்காரும் அந்த வாங்குகளில்தான்.

இங்கிலாந்தில் இருக்கிற எங்கள் மகள் நிர்மலா ஒரு இன்டர்நெட் ரேடியோ அனுப்பியிருந்தாள். அந்த நாட்டு நிலையம் ஒன்றில் வாரந்தோறும் ஒரு பேராலயத்தின் மாலை ஆராதனையை அப்படியே ஒலிபரப்புவார்கள். அவர்களுக்குப் பின்னேரம், எங்களுக்கு இராச்சாப்பாட்டு நேரம். நாங்கள் தமிழில் பாடுகிற அதே துதிகள்தான், ஆனால் மெட்டு புதிது. இப்போது உயிரோடு இருக்கிறவர்கள் எழுதிய இசை. ஆர்கன்கூட இல்லாமல் குரல்கள் மட்டும் எழும்பும். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டு ஒன்றையொன்று உரசிக்கொண்டே நிற்கும். இனித் தாங்காது என்கிற நேரத்தில் மெல்ல விலகும். எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிடும்.

அவருக்கோ பிட்டு தொண்டையில் இறங்காது.

"என்ன புள்ள இது? டைமிங் பிழைச்ச எஞ்சின் மாதிரி இரிக்கி. நிப்பாட்டு!"

"புதுசா எழுதினதாம். எழுதினவர் இன்னும் உயிரோட இரிக்காராம்."

"அப்ப நல்லதாப் போச்சு. அவரிட்டயே கேளு, ஏன் இப்பிடி எழுதினதெண்டு."

வாராவாரம் இதே சண்டைதான். நான் சத்தத்தைக் கூட்டுவேன், அவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போவார். அந்தச் சண்டையும் ஒரு பாக்கியம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

முந்தின வருடம் மார்கழி மழைக்குள் அது நடந்தது. வாவி நிரம்பி வேலியடிக்கு வந்திருந்தது. காலையில் தேநீர் கொடுத்தேன். கோப்பை அவர் கையிலிருந்து நழுவியது. "என்னங்க?" என்றேன். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக் கணேசன், வாவியில் மீன் பிடிக்கிறவர், தன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். வெள்ளத்துக்குள்ளால் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர்தான்.

பாரிசவாதம் என்றார்கள். உயிர் தப்பியது. கால் மெல்ல மெல்ல வந்தது, கையும் ஓரளவு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும், பதில் சொல்ல ஏலாது. வரலாம், வராமலும் போகலாம், விருப்பமான பாட்டுகளைப் போட்டுக் காட்டுங்கள் என்று டொக்டர் சொன்னார்.

அவருக்கு விருப்பமான பழைய கீர்த்தனைகள் எல்லாவற்றையும் ஃபோனில் போட்டேன். அவர் பேஸ் பாடி ஆலயச் சுவர் அதிர்ந்த பாட்டுகள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அன்றோடு பாட்டுப் போடுவதை விட்டேன். அவருக்குப் பிடிக்காத என் ரேடியோவை அதற்கு முன்பே கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன். நோயாளியை உபத்திரவப்படுத்தக் கூடாது என்று ஒரு நினைப்பு.

அந்த மௌனம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது? எஞ்சின்களுக்கு மேலாகக் கத்திக் கத்திப் பழகிய மனிதர் அவர். வீட்டில் கரண்டி விழுந்தாலும் எனக்கு நெஞ்சு திடுக்கிடும். குருவானவர் வந்து நற்கருணை கொடுத்து ஜெபித்தார். மாதர் சங்கத்தார் வந்து ஜெபித்தார்கள். கணேசனின் மனைவி பவளம், அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன் அக்கா என்றாள். எல்லோரும் கேட்டார்கள், பதில் வரவில்லை. எனக்குக் கடவுள்மேல் கோபம் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அழுகை பொங்கியது. துருவலையில் இருந்தபடியே ஆண்டவரோடு சண்டைக்குப் போனேன். "ஆண்டவரே, நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இவர் பாட வேண்டாம். ஆலயத்தில் எழும்பி நின்று வேதபாடம் வாசிக்கவும் வேண்டாம். ஒரேயொரு வார்த்தை தாரும். எனக்கு ஏசுகிற வார்த்தையாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்." நிதானித்துக் கேட்ட ஜெபம் இல்லை அது. வாய்க்கு வந்ததைக் கேட்டேன். கர்த்தர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

சில நாட்கள் போயின. அன்று இரவு அவர் விறாந்தையில் கண்ணயர்ந்திருந்தார். எனக்கு மனம் தாங்கவில்லை. அந்த ஆராதனை நாள் அது என்று ஞாபகம் வந்தது. மெல்லிய சத்தத்தில் கேட்போம் என்று ரேடியோவை இறக்கிக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துப் பிளக்கில் கொளுவினேன். ஆராதனை தொடங்குவதற்குள் கரண்ட் போய்விட்டது. எனக்கென்று ஒன்றும் வாய்க்காது என்று சலித்துக்கொண்டு, மெழுகுதிரி கேட்டுப் பவளம் வீட்டுக்குப் போனேன். போன இடத்தில் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

கரண்ட் வந்தது. எங்கள் வீட்டில் முதலில் லைட் எரியும், பிறகு ஃபேன் சுற்றும், இன்டர்நெட் வந்து ரேடியோ பாடக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த ரேடியோவுக்கு ஒரு குணம். கரண்ட் போய் வந்தால் தன் பழைய சத்தத்துக்கே திரும்பிவிடும். நான் அவரோடு போட்டிக்குக் கூட்டி வைத்த அந்தச் சத்தத்துக்கு! வேலிக்கு அந்தப் பக்கம் பவளம் வீட்டில் நின்ற எங்களுக்கே பாடகர் குழு கேட்டது. புதுப் பாட்டு. உரசுகிற சுரங்கள். ஐயோ, மனிசன் பதறப்போகிறாரே என்று நான் திரும்பினேன். பவளம் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, பொறுங்க. ஆரோ ஆம்பிளச் சத்தம் கேக்குது."

"அது ரேடியோ, பவளம்."

"ரேடியோ இல்ல அக்கா. அண்ணன்! அண்ணன் கதைக்காரு!"

ஓடினோம். அவர் தனியே எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினி வரை வந்திருந்தார். நல்ல கையால் ரேடியோவைத் தடவுகிறார், அதை நிறுத்துகிற இடம் பிடிபடவில்லை. முகம் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் வெடித்தது.

"நிப்... நிப்பாட்டு!"

நான் அசையவில்லை. அசைந்தால் அது போய்விடும் என்று பயந்தேன். அவருக்கு இன்னும் கோபம் ஏறியது.

"நிப்பாட்டு புள்ள! டை... டைமிங் பிழை!"

நான் குசினி நிலத்தில் அப்படியே முழங்காலில் விழுந்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பவளம் தலைக்கு மேல் கைகூப்பி "மாமாங்கேஸ்வரா!" என்று கூப்பிட்டாள், நான் "இயேசப்பா!" என்று கூப்பிட்டேன். ரேடியோவில் இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தார்கள். அதை நிறுத்த வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அவர் எங்கள் இருவரையும் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பழக்கப்பட்ட ஏச்சு சிலருக்கு மூளையில் வேறொரு வழியால் முதலில் வருவதுண்டு என்று பேச்சுப் பயிற்சி தரும் மிஸ் விளக்கம் சொன்னார். அது சரியாகத்தான் இருக்கும். அந்த வழியைப் படைத்தவரையும் எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் வைத்தியம் மாறியது. வாரந்தோறும் வேண்டுமென்றே புதுப் பாட்டாகத் தேடிப் போட்டேன். அவர் குற்றம் கண்டுபிடிக்கவே காது கொடுத்தார். முதலில் "பிழை" என்றார். பிறகு ஆண்களின் மேல்குரலைப் பிடித்து "டெனர் பிழை" என்றார். பிறகு "அந்தப் பெட்டையள் நல்லாப் பாடுதுகள், எழுதினவன்தான் சரியில்ல." நிர்மலாவுக்கு ஃபோனில் இதைக் கேட்கவைத்தபோது, "அம்மா, அப்பாவ இன்னும் கோவப்படுத்துங்க!" என்று அங்கிருந்து அழுதாள். உயிர்த்த ஞாயிறன்று பாடகர் வாங்கில் பழைய இடத்தில் போய் இருந்தார். பாடவில்லை. கடைசியில் வந்த ஆமென் மட்டும் அந்த அடித்தொண்டையிலிருந்து வந்தது. குருவானவர் திரும்பிப் பார்த்தே விட்டார்.

அண்மையில் ஓர் இரவு, அன்று குசினியில் கேட்ட அதே பாட்டை மறுபடியும் ஒலிபரப்பினார்கள். இரண்டு சுரங்கள் உரசத் தொடங்கின. நான் அவருக்காகச் சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினேன்.

"விடு" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், எஞ்சினுக்குக் காது கொடுக்கிற அதே விதமாக. சுரங்கள் உரசி, உரசி, மெல்ல விலகின. அவரிடமிருந்து ஓர் அடிக்குரல் எழும்பியது. சொற்கள் இல்லை, சுருதி மட்டும். ஆனால் அது பேஸ். பாட்டு முடிந்த பிறகு என்னைப் பார்த்தார்.

"பிழை... இல்ல புள்ள. இது... அப்பிடித்தான் ஓடும்."

அவருடைய பேச்சும் இப்போது அப்படித்தான் ஓடுகிறது. தட்டித் தட்டி, உரசி உரசி. நான் அதை ஒரு சுரம் விடாமல் கேட்கிறேன்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு சத்தம் நின்றுபோயிருக்கலாம். அலங்காரமாக ஜெபிக்கத் தெரியவில்லை என்று தயங்காதீர்கள். வாய்க்கு வந்ததைக் கேளுங்கள், கோபத்தோடாவது கேளுங்கள். கர்த்தர் கேட்கிறவர். இவருடைய பேச்சுக்காக எல்லோரும் போட்ட ஜெபங்களும் அவருக்குக் கேட்டே இருந்தன, நான் ஏச்சுக்காகப் போட்டதும் கேட்டது.

இதை எழுதி முடிக்க விடாமல் என் கணவர் உள்ளேயிருந்து கூப்பிடுகிறார். பிட்டு ஆறுகிறதாம், என்ன புள்ள அப்பிடி எழுதுறாய் என்று ஏசுகிறார். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஸ்தோத்திரம்.