தோசைக்கல் சுட்ட தழும்பு

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில். தினமும் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய் வருவேன். சனிக்கிழமை பள்ளி கிடையாது என்றாலும் எங்களில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அன்றும் வேலை இருந்தது. சமூக சேவைக் குழு என்று அதற்குப் பெயர். காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால், மூட்டை தூக்குகிறவர்களும் காய் விற்கிறவர்களும் குடியிருந்த ஒரு தெருவுக்குப் போவோம். தெருவைக் கூட்டுவோம், சின்னப் பிள்ளைகளுக்கு நகம் வெட்டுவோம், எழுத்து சொல்லிக்கொடுப்போம். அந்தத் தெருவுக்கு நாங்கள் பெரிய உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அவர்கள்தான் எங்களைப் பொறுத்துக்கொண்டார்கள். போதாததற்குக் கை நிறைய வெள்ளரிப் பிஞ்சும் கொடுத்தனுப்புவார்கள்.

பங்குனி மாதம் அதற்கு அடுத்த தெருவில் இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். பெரியம்மை. முனிசிபாலிட்டியிலிருந்து அம்மை குத்த, அதாவது தடுப்பூசி போட, ஆள் வந்தபோது, ஆத்தாவுக்குக் கோபம் வரும் என்று பயந்து நாங்கள் போகும் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை நாங்களும் அவரோடு போய் எடுத்துச் சொல்வது என்று எங்கள் குழுவைக் கூட்டிப்போகும் டீச்சர் முடிவு செய்தார். பேச வேண்டியவள் நான். ஏனென்றால் அந்த வருஷம் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தேன்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். நானே அம்மை குத்திக்கொண்டதில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிரங்காம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா விட்டுவிட்டாள். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. ஊசி என்றால் எனக்கு உயிரே போய்விடும். வீட்டுக்கு ஆள் வந்தால் அரிசிக் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். பள்ளியில் குத்திய அன்று வயிற்றுவலி என்று படுத்துவிட்டேன்.

இப்படிப்பட்ட நான் அன்று தெரு நடுவில் நின்று முழங்கினேன். பயப்படாதீர்கள், எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், உங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள் என்றெல்லாம் ஏற்ற இறக்கத்தோடு பேசினேன். கூட்டமும் கூடிவிட்டது. எல்லோரும் ஒரு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்க்கெட்டில் கொத்தமல்லி, கறிவேப்பிலை விற்கிறவர். தெருவில் அவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் பேசுற பாப்பா. உன் கையக் கொஞ்சம் காட்டு. குத்துன தழும்பு எப்படி இருக்கும்னு பாக்கறேன்” என்றார்.

பக்கத்தில் நின்ற தோழிக்குத் தழும்பு இருந்தது. அவள் கையைக் காட்டியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் என் புத்தி எங்கே போனதோ, முன்கையில் இருந்த ஒரு பழைய தழும்பைக் காட்டிவிட்டேன்.

அந்த அம்மா என் கையை வெயிலில் திருப்பிப் பார்த்தார். “இது தோசைக்கல்லு சுட்டது” என்றார்.

தெருவே சிரித்தது. எங்கள் குழுவிலும் இரண்டு பேர் சிரித்ததை நான் பார்த்தேன். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை. படித்த பெண்ணே குத்திக்கொள்ளவில்லை, நமக்கு மட்டும் எதற்கு என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் கலைய ஆரம்பித்தது. அம்மை குத்துகிறவர் பெட்டியை மூடப் போனார். அந்தக் குழந்தை ஒன்றும் புரியாமல் தாயின் தோளில் சாய்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. வேப்பிலை செருகிய வீடுகள் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

நான் அம்மை குத்துகிறவருக்கு எதிரே கிடந்த காய்க்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குக் குத்துங்கள் என்று சொன்னது என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து ஊசியைக் காட்டினார். அவ்வளவுதான், நான் போட்ட கூச்சலில் போன கூட்டம் திரும்பி வந்துவிட்டது. “இன்னும் தொடவே இல்லையேம்மா” என்றார் அவர் பாவமாக.

கறிவேப்பிலை அம்மா குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து என் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டார். சேலையெல்லாம் கொத்தமல்லி வாசனை. அங்கே பார்க்காதே, சமயபுரத்தாளை நினைத்துக்கொள் என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நான் நினைத்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

“வலிச்சுதா? நெசத்தச் சொல்லு” என்றார்.

இல்லவே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. “வலிச்சுதுங்க. ஆனா நான் கத்துன அளவுக்கு இல்ல” என்றேன்.

அவர் குழந்தையைத் திரும்ப வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை வந்து கையைக் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். குத்திய இடம் சிவந்து, கொப்புளம் கட்டி, வெள்ளிக்கிழமை லேசாகக் காய்ச்சலும் வந்தது. அம்மா என்னைப் போகவே விடமாட்டேன் என்றாள். காய்ச்சலைவிட எனக்கு வேறு கவலை. இந்தக் கையைக் காட்டினால் அந்தத் தெருவில் யாராவது சம்மதிப்பார்களா? வீங்கினது தெரியாமல் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு போகலாமா என்றுகூட நினைத்தேன். கடைசியில் அரைக்கை ரவிக்கையோடுதான் போனேன். பஸ்ஸில் யாரும் இடித்துவிடாமல் கையை ஏந்திக்கொண்டு, பாலம் முழுக்க நின்றபடியே.

அம்மை குத்துகிறவர் பெட்டியோடு முன்பே வந்திருந்தார். அந்த அம்மா வாசலில் காத்திருந்தார். நான் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொப்புளம் அரிக்கிறது, இரண்டு நாளாகத் தூங்கவில்லை, நேற்று காய்ச்சல், டாக்டரிடம் கேட்டதற்கு இப்படித்தான் இருக்கும், தானே வடியும் என்றார் என்று. அந்த அம்மா கொப்புளத்தைப் பார்த்தார். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். போன வாரம் எறும்பு கடித்த மாதிரி என்றாயே என்று கேட்டார். அது எனக்குத் தெரியாமல் சொன்னது, இதுதான் தெரிந்து சொல்வது என்றேன்.

“ஞாயித்துக்கிழமை சமயபுரம் போயி ஆத்தாகிட்டயே கேட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. சொல்லலன்னா சரின்னுதானே அர்த்தம்” என்றார் அவர். பிறகு உள்ளே போய்த் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிவந்து கூடையின் மேல் உட்கார்ந்தார். குழந்தைக்கு முதலில், தனக்கு அடுத்தது. அப்புறம் தெருவில் இருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். வர மறுத்த ஒரு மூட்டைக்காரரை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இருக்கிற தைரியம் உனக்கு இல்லையா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவர் வந்து உட்கார்ந்தது மட்டுமல்ல, என்னைவிடப் பலமாகக் கத்தினார். அன்றைக்குத் தெருவே திருவிழா மாதிரி இருந்தது. மதியம் தாண்டியும் வரிசை குறையவில்லை. நான் அன்று ஒரு வார்த்தைகூடப் பிரசங்கம் செய்யவில்லை. அழுகிற பிள்ளைகளின் தலையை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொள்வதே என் வேலையாக இருந்தது.

அந்தக் கோடை முழுவதும் எங்கள் மார்க்கெட் தெருவில் ஒரு வீட்டு வாசலிலும் வேப்பிலை ஏறவில்லை.

பிற்காலத்தில் நானும் ஆசிரியை ஆனேன். முப்பது வருஷம் எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ புத்திமதி சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் செய்யாத ஒன்றைப் பிறரைச் செய்யச் சொல்ல வாயெடுத்தால் இன்றைக்கும் நாக்கு கொஞ்சம் தடுமாறுகிறது, தடுமாறினால் நல்லதுதான் என்று நானும் விட்டுவிடுகிறேன்.