ஓரம் சுத்தமாக இருக்க வேண்டும்

"யாருப்பா அந்தப் பச்சை? நாயைக் கொன்னது நீதானா?"

பிரெஞ்சு டீச்சர் மூக்கு இடிக்கிற அளவுக்குத் திரையின் மேல் குனிந்து விசாரிக்கிறார். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. அதில் ஒரே ஒரு பக்கம். அந்தப் பக்கத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்தபடியே சேர்ந்து பிரெஞ்சில் ஒரு கதை எழுதுகிறார்கள். ஆளுக்கொரு நிறத்தில் சின்னக் கோடு நகர்கிறது. போன வகுப்பில் பச்சையாக இருந்தவன் இன்றைக்கு ஊதா. மூன்றாம் வரியில் செத்துப்போன நாய் ஐந்தாம் வரியில் பால் குடிக்கிறது.

"நான் கொல்லல டீச்சர், நான் உயிர் குடுத்தவன்" என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

டீச்சருக்குத் தலை சுற்றும். "நோட்டுன்னா கையெழுத்தே ஆளைக் காட்டிக் குடுத்துடும். இங்க எல்லாருக்கும் ஒரே கையெழுத்து. நான் என்னத்தைக் கண்டேன்?" என்று கணவரிடம் புலம்புவார். இப்படித்தான் சொல்லித்தர வேண்டும் என்று பள்ளியில் முடிவு செய்துவிட்டார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் மூச்சு விடாமல் என்னென்னவோ சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் மனத்தில் தங்கியது ஒன்றே ஒன்று: பக்கத்தின் ஓரத்தில் குறிப்புகள் சின்னச் சின்னப் பெட்டிகளாக முளைக்கும், டிக் அடித்தால் மறைந்துவிடும்.

அந்த டிக் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் சுபாவம் அப்படி. துடைத்த அடுப்பையே மறுபடி துடைப்பார். காப்பி டம்ளரைக் கீழே வைத்தால் போதும், பாதி குடித்ததைக்கூட எடுத்துக் கழுவிவிடுவார். "குடிச்சு முடிக்க விடேன், தாயே" என்று கணவர் கும்பிடாத நாளில்லை. வகுப்பிலும் அதே கை, அதே வேகம். ஓரத்தில் ஒரு பெட்டி தலைகாட்டினால் டிக். உள்ளே என்ன இருக்கிறதென்று படிப்பதும் இல்லை. பிள்ளைகளின் அரட்டைதானே, வேறென்ன இருந்துவிடப் போகிறது?

அந்த வகுப்பில் ஒரு சிறுமி. வாயைத் திறக்க மாட்டாள். கதையில் இதுவரை ஒரு வரி சேர்த்ததில்லை. டீச்சர் அவளுக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயரே வைத்துவிட்டார், பாசமாகத்தான்.

அன்றைக்கு வகுப்பு முடிந்தபின் அவளும் அவளுடைய அப்பாவும் திரையில் வந்து உட்கார்ந்தார்கள்.

"மேடம், மறைக்காம சொல்லுங்க. இவளுக்கு வரலைன்னா இன்னையோட நிறுத்திடறேன். பிள்ளையைப் போட்டு எதுக்கு வதைக்கணும்?"

"நல்ல பொண்ணுங்க. ஆனா ஒரு வார்த்தைகூட எழுதினதில்லையே" என்றார் டீச்சர்.

"எழுதினேன்" என்றாள் சிறுமி.

"எங்கம்மா எழுதின?"

"ஓரத்துல. நீங்கதான் எல்லாத்தையும் மூடிட்டீங்க."

டீச்சருக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. நானா மூடினேன்? மூடியது எங்கேயாவது இருக்குமா என்ன? "மேல குட்டியா ஒரு கட்டம் இருக்கு பாருங்க டீச்சர், அதை அமுக்குங்க" என்று சிறுமியே வழி சொன்னாள். அமுக்கினார். மறைந்துபோன பெட்டிகளெல்லாம் மொத்தமாக வந்து நின்றன. பாதிக்கு மேல் அவளுடையவை. பிரெஞ்சில், தப்பும் தவறுமாக, எல்லாம் கேள்விகள். நாய் ஏன் சாக வேண்டும்? அதற்கு வீடு இருக்கிறதா? பசித்தால் யாரிடம் போகும்? டீச்சர் கதையைப் பார்த்தார், கேள்விகளைப் பார்த்தார், திரும்பக் கதையைப் பார்த்தார். அவள் கேட்ட பிறகுதான் நாய்க்கு உயிர் வந்திருக்கிறது. அவள் கேட்ட பிறகுதான் பால் வந்திருக்கிறது. டீச்சர் மூடுமுன்னே மற்ற பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். அப்படியானால் இந்தக் கதையை எழுதியது யார்? மதிப்பெண்ணை யாருக்குப் போடுவது? குழப்பத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது.

கடைசிப் பெட்டியில் நாய் இல்லை.

"அதுல என்ன மேடம் எழுதியிருக்கா? எனக்கு இந்தப் பாஷை புரியாது."

டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "'டீச்சர், என் கேள்வியையெல்லாம் ஏன் மூடறீங்க?'"

அதற்கும் அவர் டிக் அடித்திருந்தார்.

அப்பா மகளையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நிறுத்த வேண்டாம்ங்களா?"

"இருங்க, முதல்ல நான் அவளுக்குப் பதில் சொல்லிக்கறேன்."

அந்தப் பெட்டியைத் திறந்து, கீழே பிரெஞ்சில் ஒரு சொல் எழுதினார். அழித்தார். வேறொன்று எழுதினார். அதையும் அழித்தார். சிறுமி பார்த்துக்கொண்டே இருந்தாள். டீச்சரின் விரல் பழக்கத்தில் டிக்கின் பக்கம் போனது; இழுத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்.