புள்ளி எங்களுடையது

என் வேலை கோடு போடுவது. சுரங்கத்தின் விளிம்பு இந்த மாதம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து வந்து, சர்வே ஆபீஸ் கணினியில் புதுக் கோடு போடுவேன். நெய்வேலியில் சுரங்கம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. முன்பக்கம் வெட்டிய மண்ணைப் பின்பக்கம் கொட்டி மூடிக்கொண்டே போகும். போன மாதத்து வடிவம் இந்த மாதம் இருக்காது. இதைப் பார்த்துப் பார்த்தே எனக்கும் ஓரிடத்தில் நிலைகொள்ளாத புத்தி வந்துவிட்டது. சாப்பிடும்போதுகூடக் கைப்பேசியில் மேப்பைத் திறந்து, பெரிதாக்கிச் சிறிதாக்கிக்கொண்டிருப்பேன்.

மகளுக்குக் காது குத்த வேண்டும் என்ற பேச்சு வந்தபோது மனைவி பிடித்துக்கொண்டாள். "ஊரு நெலத்துக்கெல்லாம் கோடு போட்டுகினு இருக்கீங்க. நம்ம கொலசாமி எங்க இருக்குதுன்னு கேட்டா மட்டும் தெரியலன்றீங்க."

நியாயம்தான். கம்மாபுரம் பக்கம் இருந்த எங்கள் ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது. ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய், புது இடத்தில் போட்டுச் சாமியை வைத்துக்கொள்வார்கள். அப்பா எடுக்கவில்லை. கோயிலை இடிக்க நாளாகும் என்று நினைத்துவிட்டார். அதற்குள் வேலி வந்துவிட்டது. எங்கள் ஒரு குடும்பத்துச் சாமி அது, வேறு யாரிடமும் போய்க் கேட்கவும் வழியில்லை. இதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

பழைய கிராம வரைபடத்தைச் சுரங்க வரைபடத்தின்மேல் பொருத்தினேன். கோயில் இருந்த புள்ளி கிடைத்தது. வெட்டி முடித்து, மண் கொட்டி மூடி, மரக்கன்று நட்டிருந்த இடம். மறுநாள் அளவு வேலைக்கு அந்தப் பக்கம் போனபோது, ஜீப் ஓட்டும் கான்ட்ராக்ட் டிரைவரிடம் விஷயத்தைச் சொல்லி வண்டியை நிறுத்தச் சொன்னேன். கருவியை வைத்துப் புள்ளியைப் பிடித்தேன். குனிந்து ஒரு பிடி மண் எடுத்து டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அத்தோடு விட்டிருக்கலாம். சும்மா இருக்க முடிந்தால்தானே. ஆபீஸுக்குத் திரும்பியதும், அந்தப் புள்ளியை எந்த மாதம் மூடினார்கள், அந்த மாதம் முன்பக்கம் எதை வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பழைய கோடுகளைப் புரட்டினேன். வெட்டியது கிழக்கே அடுத்த ஊரின் கோயில் தெருவை. டிரைவருடைய ஊர். அங்கே வெட்டிய மண்ணைத்தான் எங்கள் கோயில் இருந்த குழியில் கொட்டி மூடியிருந்தார்கள். புள்ளி எங்களுடையது, மண் அவர்களுடையது.

மனைவியிடம் சொல்லவில்லை. குவார்ட்டர்ஸ் பின்புறம் அந்த மண்ணைப் போட்டு, மேலே ஒரு செங்கல்லை நட்டு, பொங்கல் வைத்துக் காது குத்தினோம். மகள் அழுத அழுகை பிளாக் முழுக்கக் கேட்டது. டிரைவரும் வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது மெதுவாகக் கேட்டார்.

"நாங்களும் மண்ணு எடுக்காம வுட்டுட்டோம் சார். எங்க கோயில் மண்ண வெட்டி எங்க கொட்டுனாங்கன்னு உங்க மேப்புல தெரியுங்களா? ஒரு பிடி கெடச்சா போதும்."

"பாக்கறேன்" என்றேன். அவர் செங்கல்லின் முன்னால் போய்க் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு கிளம்பினார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேட் வரை போனவரைக் கூப்பிட்டேன். செங்கல்லை நகர்த்தி, மண்ணில் பாதியை அள்ளி, வாழையிலையில் மடித்து அவரிடம் கொடுத்து, உள்ளதைச் சொன்னேன். அவர் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு கையால் பொத்தியபடியே போனார்.

திரும்பினால் மனைவி நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் உட்கார்ந்து, சாய்ந்து கிடந்த செங்கல்லை நேராக நட்டாள்.

"அப்ப நம்ம மண்ணு யாரு கோயில் மேல கெடக்குது?" என்றாள். "மொதல்ல அத பாருங்க."