பத்து லீற்றர் தேகப்பயிற்சி

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் எங்கள் தோட்டத்துப் பீலியில் ஊற்றுத் தண்ணீர் நூல்போல் விழுந்த ஒரு மாசி மாதத்தில், விடியற்காலையில் அதைப் பிடித்துக்கொண்டுபோய் ரப்பர் மரத்தடியில் கொட்டிவிட்டு வந்தவன் நான். மரத்தின் மேல் இரக்கப்பட்டு அல்ல. என் உடம்பின் மேல் இரக்கப்பட்டு.

வெளியூர்க்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அங்குள்ள பள்ளிக்கூடத்திலேயே இருபது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பிப்பவன். நீர்ச் சக்கரத்தைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து கை தேய்ந்தவன்.

எல்லாவற்றுக்கும் காரணம் சீனி வியாதி. தை மாதம் கிளினிக்கில் டொக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். டொக்டர்மார் கண்ணாடியைக் கழற்றி நான் நல்ல சேதி கேட்டதில்லை. "மாத்தயா, வியாயாம கரண்ட ஓனே" என்றார் சிங்களத்தில். பயிற்சி செய்தே ஆக வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய கிளினிக்கில் இந்த எண் இறங்கியிருக்காவிட்டால், இனி மாத்திரை போதாது, தினமும் ஊசிதான்.

ஊசி என்றால் எனக்கு எப்படி என்பதை ஒரே சம்பவத்தில் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்ட அன்று, அழுத ஒரு சின்னப் பெண்ணுக்குத் தைரியம் சொல்ல அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஊசி போட்டுக்கொண்டாள். நான் மயங்கி விழுந்தேன். அவள்தான் எனக்கு விசிறினாள்.

அதுவரை பயிற்சி செய்யாததற்கு என்னிடம் கெட்டியான ஒரு சாக்கு இருந்தது. எங்கள் பக்கம் வருடத்தில் பாதிக்கு மேல் மழை. மழை இல்லாத நாளில் அட்டை. மழையும் அட்டையும் சேர்ந்து என் வயிற்றைப் பத்திரமாகக் காப்பாற்றி வந்தன. அந்த வருடம் மாசியில் வானம் பொட்டு மேகமில்லாமல் காய்ந்தது. ரப்பர் மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றன. அட்டைகூட வெயிலுக்குப் பயந்து எங்கேயோ போய்விட்டது. சாக்குச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

யூடியூபில் ஒரு பயில்வானைக் கண்டுபிடித்தேன். 'வெயில் காலத்திலும் விடாதீர்கள்' என்பது அவருடைய உபதேசம். இரண்டு கையிலும் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பாரத்தில் கொஞ்சம் குறைக்க வேண்டும். அவர் இரும்புத் தட்டைக் கழற்றினார். என்னிடம் இரும்பு இல்லை. எஹலியகொட டவுனில் தெரிந்த ஹோட்டல்காரரிடம் ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கேன் இரண்டு வாங்கி வந்தேன். முன்பு ஊறுகாய்க்கு ஊற்றும் வினாகிரி இருந்தவை. இரண்டு தரம் கழுவினேன். விஞ்ஞான ஆசிரியன் கழுவினால் இரண்டு தரம் போதும் என்பது என் எண்ணம்.

வீட்டுக் குழாய் வறண்டு ஒரு வாரமாகியிருந்தது. ஆகவே காலை ஐந்து மணிக்கு, புது ட்ராக் சூட்டோடு பீலிக்குப் போனேன். அங்கே ஆள் இல்லை. குடங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. மழையில்லாத காலத்தில் முதல் நாளே குடத்தை வைத்து இடம் பிடிப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். குடம் நின்றால் ஆள் நிற்பதாகத்தான் கணக்கு. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ட்ராக் சூட்டுக்குள் நுழைந்ததும் மனிதனுக்குப் பல விஷயங்கள் மறந்துபோகின்றன. அத்தனை குடங்களையும் தாண்டிப் போய் என் கேன்களை நிரப்பிக்கொண்டேன். பீலியிலிருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் போய்த் திரும்புவது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கோயிலுக்கு எதிரே இருந்த ரப்பர் மரத்தடியில் கொஞ்சம் தண்ணீர் கொட்டுவேன். நாலு சுற்றில் கேன் காலி, மனம் நிறைவு.

ஒன்பதாம் நாள் பிடிபட்டேன்.

பிடித்தவர் மூன்றாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்த தோழி. இப்போது தேயிலைக் கொழுந்தெடுக்கிறார், வீடு மேல் லயத்தில். 'சேர்' என்ற சொல்லை மரியாதைக்கும் கிண்டலுக்கும் நடுவில் ஓரிடத்தில் நிறுத்திச் சொல்ல அவரால் மட்டுமே முடியும். ரோட்டில் நான் சிந்திக்கொண்டு போன சொட்டுகளைப் பிடித்துக்கொண்டே, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்தபடி, மரத்தடிக்கு வந்து சேர்ந்திருந்தார்.

"என்னா சேர், மரத்துக்கு அபிஷேகமா?"

"இல்ல... எக்ஸசைஸ்."

"எக்ஸசைஸுக்குத் தண்ணிய ஏன் ஊத்துறீங்க?"

"பாரத்தக் கொறைக்கணும்."

அவர் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பார்வை நடுவில் வந்து நின்றுவிட்டது.

"கொறைக்க வேண்டிய பாரம் அங்க இல்ல சேர், இங்க இருக்கு" என்றார்.

பீலியடியில் பஞ்சாயத்துக் கூடியது. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போக வேண்டிய பெண்கள், நேரமாவதைக்கூட மறந்து என்னைச் சுற்றி நின்றார்கள். பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். "நீர் விலைமதிப்பற்றதுன்னு கட்டுர எழுதவச்சீங்களே சேர், அதுக்கு எனக்கு நாலு மார்க்குதான் போட்டீங்க" என்றாள் ஒருத்தி. பத்து வருடத்து வஞ்சம் அது. அன்று தீர்த்துக்கொண்டாள்.

சீனி, ஊசிப் பயம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தீர்ப்பு என் பழைய வகுப்புத் தோழியிடமிருந்து வந்தது.

"சேர் பாவம், ஊசிக்குப் பயந்துகிட்டுத் தூக்குறாரு. தூக்கட்டும். ஆனா கோயில் பக்கம் வேணாம், மேல் லயத்துக்குத் தூக்கட்டும். குடத்த வச்சு வரிசையில நின்னு பிடிக்கணும். சிந்தக் கூடாது. என் வீட்டு வாசல்ல ட்ரம் இருக்கு, அதுல ஊத்திட்டுப் போகட்டும்."

மேல் லயத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. எண்ணியவன் நான், முதல் நாள் ஒவ்வொரு படியிலும் நின்று எண்ண நேரம் இருந்தது. பயில்வானின் முறையில் பாரம் குறைந்துகொண்டே போகும். இவருடைய முறையில் பாரம் குறைவதே இல்லை, மூச்சுத்தான் குறைந்துகொண்டே போனது. ஒரு நாளைக்கு மூன்று நடை. எதிரில் வந்த கங்காணி பாதையை விட்டு ஒதுங்கி நின்று, "சேர், சம்பளச் செக்ரோலில பேரு போடவா? அரை நாள் பேரா, முழு நாள் பேரா?" என்று கேட்டார். ட்ராக் சூட்டைக் கண்ட லயத்து நாய்கள் முதலில் குரைத்தன. பிறகு, குரைக்கும் தகுதிகூட இவனுக்கு இல்லை என்று முடிவு செய்து படுத்துக்கொண்டன.

ஆனால் ஒரு வாரம் போனதும் எனக்குள் ஓர் ஆபத்தான மாற்றம் நிகழ்ந்தது. நான் நல்லவனாகிவிட்டேன். படித்தவனுக்கு வரக்கூடிய வியாதிகளில் இது சீனியைவிட மோசமானது. காப்பியங்களில் நாடு விட்டு நாடு போய்ப் போர் செய்த வீரர்களை நினைத்துப் பார்த்தேன். அவர்களில் ஒருவராவது தாகத்தால் தவித்த ஒரு வீட்டுக்கு வறட்சியில் தண்ணீர் சுமந்ததாக எனக்கு நினைவில்லை. என் தண்ணீரில் அந்த வீட்டில் சோறு வேகிறது, தேத்தண்ணீர் கொதிக்கிறது என்று எண்ணியபடி படியேறினால் முழங்கால் வலிகூடத் தியாகத்தின் வலிபோல் இனித்தது. ட்ரம்முக்குப் பக்கத்தில் கட்டியிருந்த மாடு, என் தலை தெரிந்ததும் எழுந்து நிற்க ஆரம்பித்தது. வாயில்லாச் சீவனுக்குக்கூட நன்றி தெரிகிறதே என்று நெகிழ்ந்தேன்.

"மாடு எந்திரிச்சு நிக்குது, பாத்தியா?" என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஒங்களப் பாத்துப் பயந்திருக்கும்" என்றார்.

பங்குனி நடுவில் ஒரு சாயந்தரம் இடி இடித்து, வானம் மொத்தமாகக் கவிழ்ந்தது. மறுநாளும் மழை. அதற்கு மறுநாள் பீலி பழையபடி கை தடிமனில் விழுந்தது. குடங்கள் வரிசையை விட்டு வீட்டுக்குப் போயின. தோட்டமே சந்தோஷப்பட்டபோது, இருந்த ஒரே துக்கக்காரன் நான். கிளினிக்குக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மழையிலும் இரண்டு கேன்களோடு படியேறினேன். ட்ரம் கூரைத் தண்ணீரில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால், கையில் பாரத்தோடு, ஊற்ற இடமில்லாமல் நின்றேன்.

"சேர், வீட்டுக்குப் போங்க. காய்ச்சல் வந்துரும்" என்றார் தோழி, யன்னல் வழியாக. தண்ணீரை எங்கே கொட்டுவது என்று நான் கேட்கவில்லை. இறங்கி வந்து, அந்த மழைக்குள் ரப்பர் மரத்தடியிலேயே கொட்டினேன். மீதிப் பத்து நாளும் வெறுங்கையோடு படியேறி இறங்கினேன். அட்டை கடித்தது. இந்த முறை சாக்குச் சொல்லவில்லை.

கிளினிக்கில் டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியில் கை வைக்கவில்லை. "ஹொந்தாய், மாத்தயா" என்றார். நல்லது என்று அர்த்தம். எண் இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம், பழைய மாத்திரையே போதும்.

அன்றைக்கே ஒரு பிஸ்கட் பெட்டியை வாங்கிக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறினேன். நன்றி சொல்லப் போனேன் என்றுதான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நன்றி வாங்கத்தான் போனேன். தோழி வாசலில் கொழுந்துக் கூடையைத் தட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "என்னால ஒங்க வீட்டுக்கும் கொஞ்சம் ஒத்தாசையா இருந்திருக்கும். அந்த வறட்சியில சமைக்கக் குடிக்க..." என்று இழுத்தேன்.

அவர் கூடையைத் தட்டுவதை நிறுத்தினார்.

"அய்யய்யோ, அந்தத் தண்ணிய யாரு சேர் குடிச்சா? ஒரே ஊறுகா வாசமில்ல அடிச்சிச்சு! குடிக்கிற தண்ணிய நாங்க தனியாத் தூக்கிக்கிட்டோம். அது மாட்டுக்குத்தான் வச்சேன். அதுவும் மொதல்ல மொகத்தச் சுளிச்சிச்சு, அப்புறம் பழகிருச்சு."

மாடு என்னைப் பார்த்து எழுந்து நின்றது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீங்க நிப்பாட்டிருவீங்க சேர். அப்புறம் மாட்டுக்கு யாரு தூக்குறது?"