கடைசிக் கட்டம்

எங்கள் சமையலறை ஜன்னலில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு பழைய செல்போன் இருக்கிறது. கண்ணாடி கீறல் விட்டது, சிம் கிடையாது. என் கணவர் புதுசு வாங்கியபோது வீட்டுக்கென்று விட்டது. அதில் நான் திறப்பது ஒரே ஒரு விளையாட்டைத்தான். ஒரு வட்டத்தில் ஐந்து ஆங்கில எழுத்துகள் வரும். விரலால் இழுத்துச் சேர்த்தால் ஒரு சொல். அவற்றையே முன்பின்னாகச் சேர்த்தால் இன்னொன்று. எல்லாச் சொற்களும் கட்டங்களில் நிரம்பினால்தான் அடுத்த வட்டம் திறக்கும். அந்த போனை எடுக்கும்போதெல்லாம் எனக்கு என் நாத்தனார் ஞாபகம் வந்துவிடும்.

குடிகாரப் புருஷனிடம் அடிபட்டது போதும் என்று, ஒரே ஒரு பையோடு பாகூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் அவர். வந்த மாதமே எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. பனித்திட்டுக் கடற்கரையிலிருந்து வந்த மீனில் நான் பார்த்துப் பார்த்து வைத்த குழம்பை, விருந்தாளிகள் முன்னால், "இன்னா கொழம்பு இது, வெறும் புளித்தண்ணி" என்றார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் பேச்சை விட்டாலும் வாயை மூடுவதில்லை. முகம் பார்க்காமல், பெயர் சொல்லாமல், சுவருக்குச் சொல்வோம். "சோறு ஆறுது, சாப்புடறவங்க சாப்புடலாம்" என்பேன் நான். "கொடியில துணி காஞ்சிபோச்சி, எடுக்கறவங்க எடுக்கலாம்" என்பார் அவர். "இதுக்குப் பேசியே தொலைக்கலாமேடி" என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள், நான் முடிக்காமல் வைத்த வட்டத்தில் இரண்டு சொற்கள் கூடுதலாக நிரம்பியிருந்தன. மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது, கணவர் வேலைக்குப் போயிருந்தார். வேறு யார் கைவைத்திருப்பார்கள்? நாங்கள் இருவருமே அரசுப் பள்ளியில் தமிழில் பத்தாவது வரை படித்தவர்கள். எஸ், எல், ஏ, டி, ஈ என்று வந்த ஒரு வட்டம் இன்னும் மனதில் இருக்கிறது. உப்புப் பாக்கெட்டில் பார்த்த 'சால்ட்' என்னுடையது. ஜவுளிக்கடைப் பலகையில் பார்த்த 'சேல்' அவருடையது. பஸ்ஸில் கற்ற 'சீட்', பள்ளியில் திட்டு வாங்கிக் கற்ற 'லேட்' என்று மாறி மாறி நிரம்பின. அர்த்தமே தெரியாத சொற்களும் கண்டபடி இழுத்ததில் விழுந்தன.

ஒவ்வொரு வட்டத்திலும் அவர் ஒரு சொல்லை விட்டுவைத்திருப்பார். தெரியவில்லை போல என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த 'சால்ட்' வட்டத்தில் மிஞ்சி நின்றது 'டீ'. தெருமுனைக் கடைப் பலகையில் தினமும் பார்க்கிற மூன்று எழுத்து. அது தெரியாதவர் யாராவது உண்டா? எனக்காக விட்டிருக்கிறார். நான் அதை நிரப்பினேன். அடுத்த வட்டத்தில் நானும் ஒன்றை விட்டுவைத்தேன். கோபம் என்னவோ அப்படியேதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் புருஷன் வீட்டார் பூவும் பழமுமாக வந்து உட்கார்ந்தார்கள். "இனிமே குடிக்க மாட்டான், நாங்க பொறுப்பு" என்றார் புருஷனின் அண்ணன். புருஷன் தலையைத் தூக்கவில்லை. என் கணவர் தரையைப் பார்த்தார், மாமியார் என்னைப் பார்த்தார். தம்பி வீடு என்று பெயர்தான், அடுப்பு தம்பி பெண்டாட்டியுடையது. அவள் வாய் திறந்து சொல்லாமல், அந்த வீட்டில் பிறந்த பெண்ணே ஆனாலும் அங்கே தங்க முடியாது. நாத்தனார் சமையலறை வாசலில் நின்றிருந்தார். காலடியில் அதே பை, கட்டித் தயாராக. பேச்சில்லாதவளிடம் போய், 'இங்கேயே இருக்கட்டுமா' என்று எப்படிக் கேட்பார்?

தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்துவிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "இந்த வூட்ல இருக்கணும்னு நெனைக்கறவங்க இருக்கலாம். எத்தினி நாளு வேணா இருக்கலாம்."

"யாரைம்மா சொல்ற?" என்றார் புருஷனின் அண்ணன்.

"அவங்களுக்குத் தெரியும்."

கொஞ்ச நேரத்தில், வந்தவர்கள் பழத்தட்டோடு எழுந்து போனார்கள். நாத்தனார் உள்ளே போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அன்றைக்கும் நாங்கள் பேசவில்லை.

பேச்சு எப்போது திரும்பியது என்று இருவருக்குமே நினைவில்லை. இப்போது அவர் பிள்ளையார்குப்பம் பக்கம் ஒரு மாணவியர் விடுதியில் சமைக்கிறார், அங்கேயே வாடகைக்கு அறை எடுத்திருக்கிறார். தினமும் போனில் பேசுகிறோம், சண்டையும் போடுகிறோம். என் குழம்பில் இன்னும் புளி அதிகம்தானாம். ஆனாலும் அவர் இல்லாத சமையலறை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வருகிற நாளுக்கென்று வட்டத்தில் ஒரு சொல்லை விட்டுவைக்கும் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

போன ஞாயிறு வந்திருந்தார். செருப்பைக் கழற்றிப் போட்டவர், அம்மாவைக்கூடப் பார்க்காமல் நேரே ஜன்னலுக்குப் போனார். பழைய போனை எடுத்து விரலால் ஓர் இழுப்பு. மிஞ்சியிருந்த கட்டம் நிரம்பியது. டப்பாவுக்குப் பக்கத்தில் அதைத் திரும்ப வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"டீ போடறவங்க போடலாம்."