பெட்டி மேல் உட்காரக் கூடாது

ஹைதராபாத் மல்லாபூரில் டி-ஷர்ட்டுகளில் சிலிகான் எழுத்துப் பதிக்கும் கம்பெனி ஒன்றில், சரக்கைச் சரிபார்த்து அனுப்புவது என் பொறுப்பு. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான், சொன்னால் சொன்னதுதான். வெயிலில் டி-ஷர்ட் அடுக்கிய பெட்டி மேல் பாரம் விழுந்தால், நடுவில் பட்டர் பேப்பர் வைத்திருந்தாலும் எழுத்துகள் ஒட்டி உரிந்துவிடும்.

அன்று ஹைடெக் சிட்டிக்குச் சரக்கோடு நானும் டெம்போவில் போனேன். ஓட்டுநர் செகந்திராபாத் தமிழர்; ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று பேச்சில் அந்த ஊர் உருது கலக்கும். மருதாணி பூசிய சிவந்த மீசை. வழியில் கை காட்டும் யாரையும் அவர் விட்டுப் போகமாட்டார். நாச்சாரத்தில் ஷிப்ட் முடிந்த பெண்கள் கை காட்டினார்கள்.

"பெட்டி மேல யாரும் உட்காரக் கூடாதுண்ணா. எழுத்து உரிஞ்சா ஆர்டரே போயிடும்."

"ஹவ் மேடம், உட்கார நக்கோ. ஓரமா நின்னுட்டு வரட்டுமே?"

பின்னால் ஏற வந்தவர்களில் ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. ஓட்டுநர் என்னைப் பார்க்கவில்லை, வண்டியையும் எடுக்கவில்லை. மீசையை நீவிக்கொண்டே இருந்தார். நான் இறங்கி, முன் இருக்கையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் போய், பெட்டிகளைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மேடம், பெட்டி மேல உட்கார்ந்துடாதீங்க!" என்று முன்னாலிருந்து கத்தினார். பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஹைடெக் சிட்டியில் பெட்டிகளைத் திறந்தபோது ஓர் எழுத்துகூட உரிந்திருக்கவில்லை. இருக்கையை விட்டு எழுந்துகொள்ளச் சொல்லி அந்த ஓட்டுநர் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்படித்தான் என்னை எழுப்பினாரோ!