சூசை அண்ணன் குரலும் நாங்கள் விட்டு வந்த கடையும்

கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிப்பவனை யாரும் வேலை பார்ப்பவன் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு இந்தத் தொழிலுக்கு வருமுன்பே கல்யாணம் ஆகிவிட்டதால் தப்பித்தேன்.

கூலாய் நகரில், டயர் கடைக்கு மேலே ஓர் அறை. அதில் நாங்கள் இரண்டே பேர். விளையாட்டை உருவாக்குபவள் தேவகி. என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனால் முதலாளி. அதில் கோளாறு தேடுவதும், விளையாடுகிறவர்களின் வசவுக்குப் பணிவாகப் பதில் எழுதுவதும் என் வேலை. முகம் தெரியாத வாடிக்கையாளருக்கு என்றாவது ‘தங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று எழுதியிருந்தால், நீங்களும் என் இனம்தான். வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

எங்கள் விளையாட்டின் பெயர் ‘குலை லாரி’. தோட்டத்தில் செம்பனைக் குலைகளை ஏற்றி, அவை கெடுவதற்குள் எண்ணெய் ஆலையில் சேர்க்க வேண்டும். பக்கத்து இருக்கையில் ஒரு வயதான லாரிக்காரர் நம்மைத் திட்டிக்கொண்டே வருவார். அவ்வளவுதான்.

திட்டுவதற்கு முன் ஒரு தாள்

திட்டும் குரல் சாஆ என்ற ஊரில் இருக்கும் சூசை அண்ணனுடையது. முப்பது வருடமாக நிஜமாகவே குலை லாரி ஓட்டுபவர். ஒலிப்பதிவுக் கூடத்துக்கெல்லாம் எங்களுக்கு வசதியில்லை. அவர் லாரியிலேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு, விசிறிகூட இல்லாமல் மூன்று பேரும் வேர்த்து ஒழுகினோம்.

தேவகிக்கு ஒரு பழக்கம். யார் குரலைப் பதிந்தாலும், முதலில் கைப்பட ஒரு தாள் எழுதிக் கொடுப்பாள். ‘உங்கள் குரல் இந்த விளையாட்டுக்கு மட்டும்தான். வேறு எதற்கும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.’ கீழே கையெழுத்து. சூசை அண்ணன் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“என் சம்சாரத்துக்குக்கூட நான் இப்படி எழுதிக் குடுத்ததில்ல மா. சரி, யாரைத் திட்டணும், சொல்லு.”

நான் படிக்காமல் விட்ட கடிதம்

எங்கள் விளையாட்டை விற்றுக் கொடுத்தது இணையத்தில் இருக்கும் ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். எங்களிடம் வாங்குபவர்கள் அநேகமாக எல்லோரும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள். ஒருநாள் அந்தக் கடை புதிய விதிமுறைகளை அனுப்பியது. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பொத்தான் இருந்தால் அதை அமுக்குவது என் பிறவிக் குணம். நல்லவேளையாக அன்று கணினி முன் இருந்தது தேவகி. முழுவதையும் படித்தாள். சாப்பிடப் போகாமல் படித்தாள்.

விஷயம் இதுதான்: கடையில் இருக்கும் எல்லா விளையாட்டுகளின் குரல்களையும் எடுத்து, மனிதர்களைப் போலப் பேச இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். பிடிக்காவிட்டால் கடையை விட்டுப் போகலாம். போனால் எங்கள் பிழைப்பும் கூடவே போகும் என்பது டயர் கடைக்காரருக்கே தெரியும். எனக்கு இரண்டு பிள்ளைகள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், “சூசை அண்ணனுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது?” என்று கேட்டவன் நான்தான். அவள் கோபப்படவில்லை.

“அண்ணே, அந்தத் தாள்ல இருக்கறது என் கையெழுத்து. கடையோட கையெழுத்து இல்ல.”

இலவசக் குரல்

கடையின் ஆள் ஒருவர் திரையில் வந்து பேசினார். மிகவும் மரியாதையானவர், அதுதான் கஷ்டமாக இருந்தது. எங்களுக்கு மட்டும் விதிவிலக்கு தர முடியாதாம். ஆனால் சூசை அண்ணன் குரலை எடுத்துவிட்டால், அந்த இடத்தில் இயந்திரக் குரல் ஒன்றை இலவசமாகவே வைத்துத் தருவாராம். மாதிரிக்கு ஒன்றைப் போட்டும் காட்டினார். விமானத்தில் இருக்கை வாரைக் கட்டச் சொல்பவரைப் போல அது எங்களைத் திட்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தேவகிக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் நன்றி சொல்லி அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“நம்ம லாரியில வேற ஆள் ஏத்தறதில்ல அண்ணே. விளையாட்டையே கடையிலருந்து எடுத்துரலாம்.”

முதல் நாளுக்குத் திரும்பிய லாரிகள்

எடுத்தோம். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு எங்கள் சொந்தத் தளத்திலிருந்து விளையாட்டை இலவசமாகக் கொடுத்தோம். சோதித்துப் பார்த்தவன் நான். புதுக் கணினியில், புது ஆட்டமாக ஆரம்பித்துப் பார்த்தேன். பட்டுப் போல ஓடியது. வாங்கியவர்கள் அதுவரை ஆடிய ஆட்டங்களெல்லாம் அந்தக் கடையின் கணினியில்தான் சேமிப்பில் இருந்தன என்பது என் மண்டைக்கு எட்டவே இல்லை. மறுநாள் காலையில் எல்லோருடைய லாரியும் முதல் நாள் காலைக்குப் போய் நின்றது.

வசவு வந்தது. திட்டுவதில் சூசை அண்ணனே தோற்றார். மூவாரில் தாதியாக இருக்கும் ஒரு பெண், தன் லாரிக்கு மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துப் பூசிய மஞ்சள் சாயம் போன துக்கத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். தவறு என்னுடையது என்று பதில் எழுதினேன். தேவகி அதோடு, கடையை ஏன் விட்டோம் என்பதையும் அந்தத் தாளைப் பற்றியும் நாலு வரி சேர்த்தாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

“லாரி போனா போகட்டும், மறுபடியும் பெயிண்ட் அடிச்சிக்கிறேன். அந்த அண்ணன் திட்டறத மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க.”

லிம் கேட்ட நகல்

லிம், பத்து பகாட் என்ற ஊரில் தனியாக விளையாட்டு செய்யும் சீனர். அப்பா தமிழர்கள் வேலை செய்த தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்ததால் என்னைவிடச் சரளமாகத் தமிழில் திட்டுவார். தேவகியின் அந்த நாலு வரியை எங்கள் தளத்தில் படித்துவிட்டு, ஒருநாள் காலையில் தன் விளையாட்டையும் அந்தக் கடையிலிருந்து எடுத்துவிட்டு நேராக எங்களிடம் வந்தார். அவர் அதைச் சொன்னதும் நான் அவர் கையைப் பிடித்துப் பாராட்டினேன். அவருக்கு வேண்டியது பாராட்டு இல்லை; தேவகியின் பக்கம் திரும்பினார்.

“அந்தத் தாள்ல ஒண்ணு எனக்கும் எழுதிக் குடு லா. என்கிட்ட நாப்பது பக்க ஒப்பந்தம் இருக்கு, ஒரு பக்கம்கூட எனக்கே புரியல.”

சாஆவுக்குப் போன செய்தி

பிறகு நடந்தது நீங்கள் நினைப்பதுதான். வாங்குபவர்கள் குறைந்தார்கள். டயர் கடை மாடியைக் காலி செய்து, செடெனாக்கில் தேவகியின் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்துக்கு மேசைகளைக் கொண்டு போனோம். நான் வாரத்தில் மூன்று நாள் செனாயில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறேன். மீதி நாட்களில் அந்தக் கூரையின் கீழ் உட்காரும்போது, நான் இதுவரை பார்த்த முதலாளிகளிலேயே பெரிய முதலாளியிடம் வேலை செய்வதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் நடந்தும் சூசை அண்ணனிடம் தேவகி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் செய்தது அவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாஆவுக்குப் போனேன். அவர் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையோடு லாரியின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், கொஞ்சம் கண் கலங்கியும் சொன்னேன். கேட்டுவிட்டு லாரியில் ஏறினார். இன்சூரன்ஸ் தாள்களுக்கு நடுவிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். மடித்து அதே இடத்தில் வைத்தார். அவர் முகத்தில் கொஞ்சமும் ஆச்சரியம் இல்லை.

“அதான் அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்துச்சே தம்பி, அப்புறம் வேற என்ன செய்யும்? இதைச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

ஆக, என் அருமைச் சக தொழிலாளிகளே, சொன்ன சொல்லுக்காக இருந்த கடையையே விட்டுவிட்டு வந்தாலும், நம்மை முதல் நாளே நம்பிவிட்ட மனிதருக்கு அது ஒரு செய்தியே இல்லை.